மரப்பலகைத் தரை சில்லிடுகிறது, யோசனை சொல்லுங்கள்

வணக்கம். எங்களுக்கு மன்னார்குடி பக்கம். கொல்லைப்புறத்தில் அம்மாவுக்காக ஓர் அறை சேர்த்துக் கட்டினோம். ஐப்பசி மழையில் அங்கே தண்ணீர் தேங்கும் என்பதால் தரையை 2 அடி உயர்த்தி, இடித்த வீட்டிலிருந்து வாங்கிய தேக்குப் பலகைகளைச் சட்டங்களின் மேல் அடித்திருக்கிறோம். பார்க்க அழகுதான். ஆனால் மார்கழி பிறந்ததும் பலகை இடுக்கு வழியாக வாடைக்காற்று ஏறுகிறது. விடியற்காலையில் அம்மாவால் கால் வைக்க முடியவில்லை. கோரைப்பாய் இரண்டு விரித்தும் பயனில்லை.

அடியில் விட்ட காற்றுத் துளைகளைச் செங்கல் வைத்து அடைத்துவிடலாம் என்கிறார் கொத்தனார். எனக்கு மனசு ஒப்பவில்லை. இது களிமண் பூமி, கீழே ஈரம் லேசில் காயாது. காற்றோட்டம் நின்றால் சட்டம் உளுத்துவிடும், அப்புறம் கரையான் வேறு. துளைகளை அப்படியே விட்டு, சட்டங்களுக்கு நடுவில் கிளாஸ் வூல் (குளிரைத் தடுக்கும் கண்ணாடி இழைப் பஞ்சு) அல்லது தெர்மாகோல் செருகி, கீழே வலை அடித்துத் தாங்க வைக்கலாமா? தெர்மாகோலை எலி விட்டுவைக்குமா? இடுக்கில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தால், மழையில் பலகை உப்பும்போது பெயர்ந்து வராதா? தரைக்கு அடியில் தவழ்ந்து போக இடம் இருக்கிறது, பாம்பு பயம்தான்.

செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். தை பிறப்பதற்குள் முடிக்க வேண்டும்.