புதுப்பிப்பு: இரண்டு கண்ணுக்கும் லேசர் முடிந்தது

சிறுவயதிலேயே வந்த டைப் 1 சர்க்கரை, வருடக்கணக்காகச் சரியான சிகிச்சை இல்லை, இப்போது சர்க்கரை கட்டுக்குள் வந்தபிறகு விழித்திரையில் ரத்தக்கசிவு என்று முன்பு எழுதியிருந்தேன். "கட்டுக்குள் வந்தபிறகு எப்படி மோசமாகும்?" என்று பலர் கேட்டீர்கள். ரொம்ப நாள் ஏறியே இருந்த சர்க்கரை வேகமாக இறங்கினால், ஏற்கெனவே பாதித்த விழித்திரை கொஞ்ச காலம் மோசமாகலாம் என்றார் மருத்துவர். ஆனால் நீண்டகாலத்தில் கட்டுப்பாடுதான் கண்ணைக் காக்கும். டைப் 1 உள்ளவர்களிடம் நடத்தி 1993-ல் வெளியான டிசிசிடி (DCCT) என்ற பெரிய ஆய்வு காட்டியதும் அதைத்தான்.

இப்போது படிக்க முடிகிறது. இரவில் பார்வை மங்கல்தான், வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டேன். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் இருப்பதால் (சிறுநீரகம் பாதிக்கப்படுவதன் அறிகுறி) அதற்கும் மாத்திரை.

என் சர்க்கரையைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று அம்மாவைக் குறை சொன்னவர்களுக்கு: சர்க்கரை இருக்கிறதா என்று அறிய, பெனடிக்ட் கரைசலில் சிறுநீரைச் சேர்த்துக் காய்ச்சி நிறம் பார்க்கத்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். செங்கல் நிறம் வந்ததை, அதாவது சர்க்கரை மிக அதிகம் என்பதைச் சொன்னபோதும், நான் வளர வளர இன்சுலின் அளவை யாரும் மாற்றவில்லை. அதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

டைப் 1 உள்ள மகளைப் பற்றிக் கேட்ட அக்காவுக்கு: 11 வயது ஆகிவிட்டதென்றால் விழித்திரைப் பரிசோதனை, சிறுநீர் ஆல்புமின் இரண்டையும் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். பார்வை நன்றாக இருந்தாலும் கேளுங்கள்.