18 கிலோ நாட்டு நாய், பெங்களூருல இருந்து டெல்லிக்கு ஃப்ளைட்ல கூட்டிட்டு போகணும், அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க

பட்டணத்தான்

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊரு காவேரிப்பட்டணம். ஆனி மாசம் டெல்லிக்கு மாத்தலாகி போறேன், குறைஞ்சது மூணு வருஷம் அங்கதான். வீட்ல பூச்சின்னு ஒரு பொட்ட நாய் இருக்கு, ஆறு வயசு. மாந்தோப்புல தண்ணி பாய்ச்சற வாய்க்கால்ல குட்டியா கிடந்தத அப்பா துண்டுல சுத்தி எடுத்துட்டு வந்தாரு, அப்ப உள்ளங்கை அளவுதான் இருந்துச்சு அதான் பூச்சின்னு பேரு வெச்சோம், இப்ப மாங்கா மண்டி தராசுல நிக்க வெச்சு பாத்தா 18 கிலோ. மண்டிக்காரர் "எந்த ரகம், பெங்களூராவா"ன்னு கேட்டு சிரிச்சாரு.

அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனதால அவளை வெளிய கூட்டிட்டு போக முடியாது, அம்மாவை இழுத்துட்டு ஓடிருவா. அதனால விட்டுட்டு போற பேச்சே இல்ல, "யார்கிட்டயாவது குடுத்துருங்க"ன்னு மட்டும் தயவு செஞ்சு சொல்லாதீங்க, அதை சொல்ல வீட்டுலயே நாலு பேரு இருக்காங்க.

என் சந்தேகம்: 1) நாட்டு நாயை ஏத்துவாங்களா, இல்ல லாப்ரடார் மாதிரி ஜாதி நாய்க்கு மட்டும்தானா 2) கீழ லக்கேஜ் வெக்கற இடத்துல போட்டா காத்து இருக்குமா 3) அம்மா சொல்றாங்க கிளம்பும்போது ஒரு அவில் மாத்திரை குடுத்துட்டா தூங்கிட்டே போயிரும்னு, குடுக்கலாமா 4) சேலத்துல இருந்தே போக வழி இருக்கா. நான் இதுவரைக்கும் ஃப்ளைட்ல போனதே ரெண்டு தடவ, அதனால எதையும் தெரியும்னு நெனச்சுக்காம சொல்லுங்க.

---

ஓசூர்வாசி

ப்ரோ நான் போன வருஷம் என் நாயை இதே ரூட்ல கூட்டிட்டு போனேன், அது பாதி சிப்பிப்பாறை பாதி என்னன்னு அதுக்கே தெரியாது. நாட்டு நாய்க்கு எந்த தடையும் இல்ல. சொல்லப்போனா நம்ம நாய்க்குதான் வசதி, ஏன்னா பக், புல்டாக் மாதிரி மூக்கு சப்பையா இருக்கறதுகளுக்கு சூட்டுலயும் பயத்துலயும் மூச்சு முட்டும், அதுகளை கீழ ஏத்த நிறைய கம்பெனி யோசிக்கும். பூச்சிக்கு நீள மூக்குதான, பிரச்சனை இல்ல.

சேலத்தை மறந்துருங்க. அங்க இருந்து டெல்லிக்கு நேரா ஃப்ளைட்டே கிடையாது, ஓடறதும் ஏடிஆர்னு ஒரு சின்ன காத்தாடி விமானம். சென்னை போற இண்டிகோல வளர்ப்பு நாய் ஏத்த மாட்டாங்க, கண் தெரியாதவங்களோட வர்ற சர்வீஸ் நாய்க்கு மட்டும்தான் அனுமதி. பெங்களூருல இருந்துன்னா ஏர் இந்தியாவும் ஆகாசாவும் ஏத்துவாங்க. ஆகாசா 2022 நவம்பர்ல இருந்து ஏத்துறாங்க, ஆரம்பத்துல கூண்டோட சேத்து 7 கிலோ வரைக்கும் கேபின்ல, 32 கிலோ வரைக்கும் கீழன்னு வெச்சிருந்தாங்க, இந்த அளவெல்லாம் அப்பப்ப மாத்துவாங்க அதனால புக் பண்ற அன்னிக்கு போன் போட்டு கேட்டுக்கங்க. எப்படி இருந்தாலும் 18 கிலோவுக்கு மடியில உக்கார வெக்க வழி இல்ல, கீழதான்.

முக்கியமான விஷயம், உங்க டிக்கெட்ட மட்டும் நெட்ல போட்டுட்டு நாயோட போய் நிக்காதீங்க. ஒரு ஃப்ளைட்டுக்கு இத்தனைதான்னு கணக்கு உண்டு, முதல்ல நாய்க்கு இடம் இருக்கான்னு கேட்டுட்டு அப்பறம் உங்க டிக்கெட்.

இன்னொன்னு, நாய் உங்க கூட அதே ஃப்ளைட்ல லக்கேஜ் கணக்குல வரணும், தனியா கார்கோல அனுப்பாதீங்க. கூட வந்தா பொதுவா நாயும் கூண்டும் நிஜமா எத்தனை கிலோவோ அதுக்குதான் காசு. கார்கோன்னா அடைக்கற இடத்துக்கு கணக்கு போடுவான், நீளம் அகலம் உயரம் மூணையும் செண்டிமீட்டர்ல பெருக்கி 6000ஆல வகுக்கணும். என் கூண்டு 91க்கு 61க்கு 66, போட்டு பாருங்க, 61 கிலோ வருது. நாயும் கூண்டும் சேந்தே 27 கிலோதான்!! எனக்கு தெரியாம முதல்ல கார்கோ ரேட் விசாரிச்சுட்டு தல சுத்திருச்சு.

---

தக்காளி_பாலக்கோடு

தம்பி நான் கால்நடை ஆஸ்பத்திரியில வேலை பாக்குறேன், டாக்டர் இல்ல, ஆனா ஊசி போடற இடத்துல நின்னு இருபது வருஷம் ஆச்சு, அதனால அந்த மாத்திரை விஷயத்துக்கு மட்டும் சொல்றேன்.

அவில் வேண்டவே வேண்டாம். மயக்கத்துக்கு எதுவுமே வேண்டாம். மேல போனதும் காத்தழுத்தம் குறையும், மாத்திரை போட்ட நாய்க்கு ரத்த அழுத்தமும் இறங்கி மூச்சும் மந்தமாகும், கூண்டு கொஞ்சம் சாஞ்சா கூட காலை ஊணி நிக்க தெம்பு இருக்காது, வாந்தி எடுத்தா தலைய தூக்க முடியாம அதுலயே மூச்சு அடைக்கும். கீழ பக்கத்துல பாக்க ஆளும் இருக்காது. தள்ளாடுற நாயை கவுண்டர்லயே ஏத்த மாட்டேன்னு சொல்லிருவாங்க, அதுவும் நல்லதுதான். அம்மாகிட்ட பக்குவமா சொல்லுங்க.

காத்து இருக்கும், பயப்படாதீங்க. உங்களுக்கு மேல என்ன அழுத்தமோ அதே அழுத்தம்தான் கீழயும், இல்லன்னா ஒரு உயிரும் தாங்காது. உயிருள்ளது ஏத்திருக்கோம்னு பைலட் கையில ஒரு பேப்பர் குடுத்துருவாங்க, அவரு அந்த அறைக்கு சூடு காத்து எல்லாம் பாத்துக்குவாரு. ஆபத்து ஆகாசத்துல இல்ல தரையிலதான், டெல்லி வெயில்ல வண்டியில வெச்சு இழுத்துட்டு போற அந்த கொஞ்ச நேரம். ஆனி மாசம் அங்க 40 டிகிரிக்கு மேல போகும், அதனால பகல் ஃப்ளைட் போடாதீங்க, ராத்திரி இறங்கற மாதிரி இல்லன்னா விடியக்காலைல இறங்கற மாதிரி பாருங்க.

பேப்பர் ரெண்டுதான் உள்நாட்டுக்கு. ஒண்ணு தடுப்பூசி புத்தகம், அதுல வெறிநாய்க்கடி ஊசி போட்டு ஒரு மாசம் தாண்டி இருக்கணும், ஒரு வருஷம் தாண்டி இருக்கக் கூடாது. ரெண்டாவது, பதிவு பண்ண டாக்டர் கையெழுத்து போட்ட, பயணத்துக்கு தகுதின்னு ஒரு சர்டிபிகேட், கிளம்பறதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி வாங்குனா போதும், சீக்கிரமே வாங்கி வெச்சா செல்லாது. ஊசி தேதிய இன்னிக்கே எடுத்து பாருங்க, அங்கதான் எல்லாரும் மாட்டுறாங்க.

---

பட்டணத்தான்

பாலக்கோடு அண்ணா ரொம்ப நன்றி, இப்பதான் புத்தகத்த பாத்தேன், ஊசி போட்டு பதினாலு மாசம் ஆச்சு 🤦 நாளைக்கே கூட்டிட்டு போறேன். நல்ல வேளை இப்பவே கேட்டேன்.

---

மாம்பழ_சித்தப்பு

எதுக்குப்பா இவ்ளோ வம்பு. நம்ம ஊரு வழியா போற 44ம் நம்பர் ரோடு இருக்கே, அதையே புடிச்சு நேரா போனா டெல்லிதான், கிட்டத்தட்ட 2200 கிலோமீட்டர். வாடகைக்கு வண்டி எடுத்து நாலு நாள்ல ஜாலியா போங்க, நாயும் ஊரை பாக்கும். இல்ல ரயிலு. ஃபர்ஸ்ட் ஏசில ரெண்டு பேர் கூப்பே முழுசா நம்ம பேர்ல போட்டா நாயை கூடவே வெச்சுக்கலாம், என் மச்சான் அப்படிதான் போனான். தர்மபுரிக்காரனுங்களுக்கு ஸ்டேஷன் பக்கத்துலயே இருக்கு, நாம கிருஷ்ணகிரிக்காரங்க ஜில்லா தலைநகர்ல ரயிலே இல்லாம இன்னும் மனு குடுத்துட்டு இருக்கோம் அது தனி கதை.

---

ஓசூர்வாசி

சித்தப்பு ரோட்டுல ஆனி மாசம் நாக்பூர் வெயில்ல நாலு நாளா, நாய் விடுங்க நமக்கே ஆவாது. ரயில் யோசனை தப்பில்ல, ஆனா கூப்பே கிடைக்கணும், ரெண்டு டிக்கெட் எடுத்துட்டேன் அதனால எனக்குதான்னு சொல்ல முடியாது, சார்ட் போடும்போதுதான் தெரியும். கிடைக்கலன்னா நாயை கொண்டு போய் கடைசி வண்டி பெட்டில அடைக்கணும், அது இரும்பு பொட்டி, ஒன்றரை நாள். ஃப்ளைட்ல மூணு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுருது. ஏர்போர்ட்டுல காத்து கிடக்கற நேரத்தை சேத்தா கூட பத்து மணி நேரம்.

ஓசூருக்கு ஏர்போர்ட் வரும்னு 2024ல சட்டசபையில சொன்னாங்க, ஆனா பெங்களூர் ஏர்போர்ட்டுக்கு 150 கிலோமீட்டருக்குள்ள 2033 வரைக்கும் வேற வரக்கூடாதுன்னு ஒப்பந்தம் இருக்கு, அது வர்றதுக்குள்ள பூச்சிக்கு பேரப்புள்ளைங்களே வந்துரும். அதனால பெங்களூர் ஏர்போர்ட் இருக்கற தேவனஹள்ளிதான். ட்ராஃபிக்ல மாட்டற சில்க் போர்டு ஜங்ஷன் பக்கம் போகாதீங்க, ஓசூர் மாலூர் ஹொஸ்கோட்டேன்னு சுத்திட்டு போங்க, கிலோமீட்டர் கூடும் ஆனா நின்னு நின்னு போறது இல்ல, நாய்க்கு வாந்தியும் கம்மி.

---

தர்மபுரி_அக்கா

தம்பி எல்லாரும் ஃப்ளைட்ட பத்தியே பேசறாங்க, நான் கூண்டை பத்தி சொல்றேன். நான் ரெண்டு தடவை கூட்டிட்டு போயிருக்கேன், முதல் தடவை கூண்டு சரியில்லாம பட்ட பாடு இருக்கே.

கூண்டை முந்தின நாள் வாங்கி நாயை தூக்கி உள்ள போட்டேன். அவ்ளோதான், ஏர்போர்ட் வாசல்ல நின்னு ஊரையே கூட்டிருச்சு. பத்தாததுக்கு கவுண்டர்ல இருந்த பொண்ணு கூண்டை ஆட்டி பாத்துட்டு, மேல் பாதியும் கீழ் பாதியும் பிளாஸ்டிக் கிளிப்ல நிக்குது, நட்டு போல்ட்டு போட்டாதான் ஏத்துவேன்னு சொல்லிருச்சு. ராத்திரி பதினொரு மணிக்கு எங்க போய் போல்ட்டு வாங்கறது? டாக்ஸி டிரைவர் ஒருத்தர் வண்டி டிக்கிய தொறந்து எட்டு போல்ட்டு தேடி எடுத்து குடுத்தாரு, காசு கூட வாங்கல. எந்த கம்பெனின்னு சொல்ல மாட்டேன், அந்த பொண்ணு சொன்னது சரிதான், என்கிட்ட முன்னாடியே சொல்லலங்கறதுதான் என் வருத்தம்.

அளவு எப்படின்னா, தையக்காரர் டேப் எடுத்து மூக்கு நுனில இருந்து வாலு ஆரம்பிக்கற இடம் வரைக்கும் அளங்க, அதோட தரையில இருந்து முன்னங்கால் முட்டி (நெஞ்சுகிட்ட இருக்கற முழங்கை மூட்டு) வரைக்கும் இருக்கற உயரத்துல பாதிய கூட்டுங்க, அதான் நீளம். தோள் அகலத்தை ரெண்டால பெருக்கினா அகலம். நேரா நிக்கும்போது தலை, காது தூக்கி இருந்தா காது நுனி, அதான் உயரம். எழுந்து நிக்கணும், திரும்பணும், காலை நீட்டி படுக்கணும், அவ்ளோதான் விதி.

கூண்டு வந்த அன்னிக்கே கதவை கழட்டி ஓரமா வெச்சுருங்க. கூண்டு சும்மா வீட்டுல கிடக்கட்டும். உள்ள உங்க அப்பா கட்டின பழைய லுங்கி துவைக்காம போடுங்க, தினமும் சோறு தட்டை உள்ள வைங்க, முதல்ல வாசல்ல, அப்பறம் நடுவுல, அப்பறம் கடைசி மூலைல. என்னுது அஞ்சு நாள் முன்னங்கால் ரெண்டை மட்டும் உள்ள வெச்சு கழுத்தை ஒட்டகம் மாதிரி நீட்டி தின்னுச்சு, பின்னங்கால் வெளிய, ஓடறதுக்கு ரெடியா. ஆறாவது நாளு மழை பேஞ்சுது இடி இடிச்சுது, தானா போய் உள்ள படுத்துகிச்சு. அதுக்கப்பறம்தான் கதவை மாட்டுனேன், ஒரு நிமிஷம், அஞ்சு நிமிஷம்னு கூட்டிட்டே போய், டாட்டா ஏஸ்ல கூண்டோட ஏத்தி தொப்பூர் கணவாய் வரைக்கும் போயிட்டு வந்தேன், அந்த சத்தம் அந்த ஆட்டம் பழகணும்ல. மூணு வாரமாவது வேணும் தம்பி, உங்ககிட்ட நாள் இருக்கு, இன்னிக்கே ஆரம்பிங்க.

தண்ணி கிண்ணத்தை கதவுல மாட்டி ஃப்ரீசர்ல வெச்சு ஐஸா எடுத்துட்டு போங்க. தண்ணியா ஊத்துனா ஏத்தும்போதே கொட்டிரும், ஐஸ்னா மெதுவா உருகி நக்கிக்கும். கிளம்பறதுக்கு அஞ்சாறு மணி நேரம் முன்னாடி கொஞ்சமா சாப்பாடு, அப்பறம் ஒண்ணும் வேண்டாம். செக்யூரிட்டில நாயை வெளிய எடுக்க சொல்லி கூண்டை மட்டும் ஸ்கேன் பண்ணுவாங்க, அதனால கழுத்துப்பட்டியும் கயிறும் கையிலயே இருக்கணும், அந்த பளபள தரையில உருவிட்டு ஓடுனா புடிக்க முடியாது.

---

சிங்காரப்பேட்டை_குமாரு

நடுவுல புகுந்து கேக்கறதுக்கு மன்னிக்கணும், என் பொண்ணு ஜெர்மனில இருக்கா, எங்க நாயை அங்க அனுப்பணும்ங்கறா, இதே மாதிரிதானா?

தக்காளி_பாலக்கோடு

இல்லீங்க அது வேற உலகம். முதல்ல 15 இலக்க மைக்ரோசிப், சிப் வெச்ச பிறகுதான் வெறிநாய்க்கடி ஊசி, முன்னாடி போட்டது கணக்குல வராது. ஊசி போட்டு 30 நாள் கழிச்சு ரத்தம் எடுத்து ஐரோப்பாக்காரங்க ஒத்துக்கிட்ட லேப்புக்கு அனுப்பணும், ரத்தத்துல வெறிநோய் எதிர்ப்பு சக்தி அளவு 0.5க்கு (IU/ml) குறையாம வரணும், ரத்தம் எடுத்த நாள்ல இருந்து மூணு மாசம் காத்திருக்கணும். ஆக மொத்தம் நாலு மாசம். கடைசில பெங்களூரோ சென்னையோ மத்திய அரசு விலங்கு தனிமைப்படுத்தல் ஆபீஸ்ல ஏற்றுமதி சர்டிபிகேட். தனியா ஒரு திரி போடுங்க விவரமா எழுதுறேன்.

---

ஓசூர்வாசி

பட்டணத்தான் ப்ரோ கூண்டு வாங்காதீங்க, என்னுது சும்மா மாடில கிடக்கு, அக்கா சொன்ன மாதிரி போல்ட்டு போட்டதுதான். பூச்சிய அளந்து சொல்லுங்க.

பட்டணத்தான்

அளந்துட்டேன் அண்ணா, நீளம் 75, முட்டி 32, அப்ப 75ம் 16ம் 91, உங்க கூண்டு கச்சிதம்!! காது தூக்குனா 62. ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கறேன்.

---

பட்டணத்தான்

(அஞ்சு வாரம் கழிச்சு) வந்து சேந்துட்டோம். கேட்டவங்களுக்காக எழுதுறேன்.

கூண்டுக்கு பழகறது அக்கா சொன்ன மாதிரியேதான், ஆனா பூச்சி லுங்கிய வெளிய இழுத்து போட்டுட்டு வெறும் பிளாஸ்டிக்ல படுத்தா, வெயில் காலம்ல. மாலூர் வழியா போனோம், ஒரு தடவதான் வாந்தி. கவுண்டர்ல கூண்டை ஆட்டி பாத்தாங்க, போல்ட்டை பாத்துட்டு ஒண்ணும் சொல்லல. தள்ளுவண்டில வெச்சு தள்ளிட்டு போகும்போது ஒரு சத்தம் இல்ல, கம்பி வழியா என்னையே பாத்துட்டு போனா, அந்த பார்வைதான் தாங்கல, மூணு மணி நேரமும் நான்தான் மூச்சு முட்டி உக்காந்திருந்தேன். டெல்லில ராத்திரி ஒண்ணரை மணிக்கு இறங்கினோம், அப்பவும் அனல். பெல்ட்டுல வரல, ஒருத்தர் பக்கத்து கதவு வழியா கொண்டு வந்து குடுத்தாரு. கிண்ணத்துல ஒரு சொட்டு இல்ல, மூக்கு ஓரத்துல லேசா சிராய்ப்பு, கம்பில முட்டிருப்பா போல. வெளிய வந்து முதல் தூணைப் பாத்ததும் நின்னா பாருங்க, ஒரு நிமிஷத்துக்கு மேல, டாக்ஸிக்காரர் ஹாரன் அடிச்சுட்டே இருந்தாரு.

ஓசூர் அண்ணா, கூண்டு அப்பா ஐப்பசில இங்க வந்துட்டு திரும்பும்போது ரயில்ல வரும், மேல் பாதிய கவுத்து கீழ் பாதிக்குள்ள வெச்சுட்டா பாதி இடம்தான்.

தர்மபுரி_அக்கா

தர்மபுரில இறக்க சொல்லு தம்பி, அடுத்து எனக்குதான். ஓசூர்க்காரரே, நான் தையில கல்கத்தா போறேன், போல்ட்டை மட்டும் எண்ணி வெச்சுக்கங்க, எட்டு.