பாரிசில புத்தகத்தைக் கையில வச்சு நடந்து பாக்க எங்க இருந்து தொடங்கலாம்?

கிளிநொச்சியான்:
எல்லாருக்கும் வணக்கம். நான் படிப்பிச்சு பென்சன் எடுத்த ஆள். வாற ஓகஸ்ட் பாரிசுக்கு மகளிட்டப் போறன், விசா சரிவந்திட்டுது. மகளும் மருமகனும் காலமை வேலைக்குப் போனா பின்னேரம்தான் வருவினம், பகல் முழுக்க வீட்டுக்குள்ள ரீவி பாத்துக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை. மகள் போன முறை வரேக்க ஒரு வழிகாட்டிப் புத்தகம் தந்தவ, இங்கிலிசில, 2017ல அடிச்சது, நடந்து பாக்கிற பாதையளும் வட்டாரம் வட்டாரமா மப்பும் இருக்கு. போனைப் பாத்து நடக்க விருப்பமில்லை, ஊரை விளங்கி நடக்கோணும். பிரெஞ்சு தெரியாது. வீடு லாச்சப்பலுக்குக் கிட்ட. முதல் நாள் எந்தப் பக்கம் போறது நல்லம்? வழி மாறினா எப்பிடிப் பிடிக்கிறது? இஞ்ச எண்டா டிப்போச் சந்தியில நிண்டு ஆரையும் கேக்கலாம்.

புதுக்குடியிருப்புப் பெடியன்:
சேர், லாச்சப்பலில இருந்தே தொடங்குங்கோ, எங்கட தமிழ்க் கடையள் இருக்கிற ஃபோபூர் சன் தெனி றோட்டிலயே தெற்க இறங்கினாச் சரி. வாசல்களில நீலத் தகட்டில வெள்ளை நம்பர் இருக்கும், அதைப் பாருங்கோ. சென் ஆத்துக்கு நேரா இறங்கிற றோட்டுகளுக்கு ஆத்துப் பக்கத்தில இருந்துதான் நம்பர் தொடங்கும், 1805ல நெப்போலியன் காலத்தில போட்ட ஒழுங்கு, அதால நம்பர் குறைஞ்சுகொண்டு வந்தா ஆத்துக்குக் கிட்டப் போறியள். எங்கட சாப்பாட்டுக் கடையடியில 200க்குக் கிட்ட நிக்கும், ஒண்டுக்கு வரேக்க பெரிய கல் வளைவு ஒண்டு தெரியும், 1672ல பதினாலாம் லூயி ராசா கட்டினது. அங்கால நம்பர் திரும்பப் பெரிசாத் தொடங்கும், பயப்பிடாதேங்கோ, அது சன் தெனி எண்ட வேற றோட்டு, அதுவும் ஆத்தடியிலதான் முடியுது. ராசாக்களின்ர உடலை சன் தெனி தேவாலயத்துக்கு அடக்கத்துக்குக் கொண்டுபோனதும் இந்த வழியாலதான், அதை நினைச்சுக்கொண்டு நடந்து பாருங்கோ சேர், வேற மாதிரி இருக்கும். பாலம் தாண்டினா நோத்ர தாம் தேவாலயம். மொத்தம் நாலு கிலோமீற்றர் வராது.

தெருப் பேர்த் தகட்டுக்கு மேல வட்டார நம்பரும் இருக்கும். லூவர் மியூசியப் பக்கம் 1, அதில இருந்து நத்தை ஓடு மாதிரிச் சுத்திச் சுத்தி 20 மட்டும் வெளிய போகும். இந்தப் பாதையில 10, 2, 1, பிறகு 4. மப்பில உடனே பிடிக்கலாம்.

மல்லாவி அக்கா:
தம்பி சொன்னது சரி, நானும் மகனிட்டப் போய் நிக்கேக்க அந்த வழியால நடந்தனான். ஆனா சேர், முழுப் புத்தகத்தையும் காவாதேங்கோ, பாரம், அண்டைக்குத் தேவையான பக்கத்தைப் போட்டோக்கொப்பி எடுத்து மடிச்சுச் சேட்டுப் பொக்கற்றில வையுங்கோ. கார் து நோர் ஸ்ரேசனடியில மப்பை விரிச்சுக்கொண்டு நிக்க வேண்டாம், பொக்கற் அடிக்கிற ஆக்கள் நிப்பினம், ஏதும் கடை வாசலுக்குள்ள ஒதுங்கிப் பாருங்கோ. ஓகஸ்ட் வெயில் சில நாள் நல்லாக் கொளுத்தும். தண்ணிக்குக் காசு குடுக்காதேங்கோ. கரும்பச்சை இரும்பில நாலு பொம்பிளைச் சிலை கூரையைத் தாங்கிக்கொண்டு நிக்கும், நடுவால தண்ணி ஒழுகும், போத்திலைப் பிடிச்சு நிரப்பலாம், 1872ல வோலஸ் எண்ட பணக்காரன் ஊருக்குக் குடுத்தது. தெருவில இருக்கிற கழிப்பறையும் இலவசம். எங்கட வயசுக்கு அது பெரிய உதவி.

புதுக்குடியிருப்புப் பெடியன்:
ஓம் அக்கா, தண்ணி விசயம் நான் மறந்திட்டன். சேர், புத்தகம் 2017 எண்டா நோத்ர தாம் பக்கத்தை மட்டும் நம்பாதேங்கோ. 2019 சித்திரையில எரிஞ்சு, திருத்தி 2024 மார்கழியிலதான் திரும்பத் திறந்தவை. உள்ள போகக் காசில்லை. வாசலுக்கு முன்னால நிலத்தில ஒரு வெண்கலத் தகடு பதிச்சிருக்கு, பிரான்ஸ் றோட்டுத் தூரம் அளக்கிறது அதில இருந்துதான், படிப்பிச்ச ஆள் நீங்கள், கட்டாயம் தேடிப் பாருங்கோ. லூவர் செவ்வாய்க்கிழமை பூட்டு. பாரிஸ் நகரத்தின்ர கதையைச் சொல்லுற கார்னவாலே மியூசியம் இலவசம், அது திங்கள் பூட்டு.

கிளிநொச்சியான்:
ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. அந்த ரெண்டு றோட்டையும் மப்பில பேனையால கோடு போட்டிட்டன். லாச்சப்பல் கோயில் தேரும் ஓகஸ்டிலயோ தம்பி?

புதுக்குடியிருப்புப் பெடியன்:
ஓம் சேர், மாணிக்க விநாயகர் தேர் ஓகஸ்ட் கடைசிப் பக்கம் ஒரு ஞாயிறில வரும், திகதியை மகளிட்டக் கேளுங்கோ. அண்டைக்கு லாச்சப்பல் றோட்டெல்லாம் சனம், வெள்ளன வாங்கோ.