புதுப்பிப்பு: நாடகத்தின் நடுவில் ஹெட்செட் படுத்துவிட்டால்

புதுச்சேரியில் எங்கள் நாடகம் நடந்துகொண்டிருந்தபோது லைட், சவுண்ட் ஆட்களுக்கு எப்போது மாற்ற வேண்டும் என்று சொல்லும் வயர்லெஸ் ஹெட்செட் விட்டுவிட்டுக் கேட்டு, அப்புறம் நின்றேபோனது. மாற்று வழி என்ன என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

காரணம் பெரும்பாலும் அலைவரிசை நெரிசல்தான். அந்த ஹெட்செட் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுவது. அரங்கு நிறைந்தால் அத்தனை போன்களின் வைஃபையும் புளூடூத்தும் அதே அலைவரிசையில்தான் முட்டிக்கொள்ளும். காலி அரங்கில் ஒத்திகை பார்த்தபோது எந்தச் சிக்கலும் தெரியவில்லை.

இப்போது லைட்டுக்கும் சவுண்டுக்கும் வயர் போட்ட பெல்ட்பேக் (இடுப்பில் மாட்டி, ஹெட்செட்டைச் செருகும் சின்னப் பெட்டி). அதுவும் போனால் கியூ லைட் (எப்போது செய்ய வேண்டும் என்று சைகை காட்டும் விளக்கு): சிவப்பு எரிந்தால் தயார், பச்சை எரிந்தால் போ. சிலர் சொன்ன ஒற்றை பல்பு முறையை (எரிந்தால் தயார், அணைந்தால் போ) எடுக்கவில்லை. கரண்ட் போனால் அதுவே 'போ' ஆகிவிடும். நம்மூர் கரண்டைத் தெரியாதா!

எல்லாமே போனால், வசனம் கேட்டு மாற்றக்கூடிய இடங்களை லைட் அண்ணன் ஸ்கிரிப்டில் குறித்து வைத்திருக்கிறார். மேலிருந்து இறங்கும் மேடை செட் மட்டும் நேரில் ஆள் வந்து சொல்லாமல் அசையாது, தாமதமானால் ஆகட்டும்.

வாக்கிடாக்கி யோசனை சரிவரவில்லை. இயர்போன் இல்லாமல் அதன் கரகரப்பு முதல் வரிசை வரை கேட்கிறது.