வட்டச் செயலாளர், கிளைச் செயலாளர்: சேலத்துக்காரர்களே, உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

செவ்வாய்ப்பேட்டை அச்சகத்துக்காரர்:

அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு அச்சகம்தான் தொழில். எல்லாக் கட்சிக்கும் போஸ்டர், நோட்டீஸ், இப்போது ஃபிளெக்ஸ் அடித்துக் கொடுக்கிறோம். ஒரு கட்சியில் யாருக்கு மேல் யார் என்று தெரிய ஒரு பிறந்தநாள் போஸ்டரின் புரூஃப் போதும். மேலே மறைந்த தலைவர்கள், அடுத்து இப்போதைய தலைவர், அப்புறம் மாவட்டச் செயலாளர். அவர் முகம் பளிச்சென்று விழ வேண்டும். அதற்குக் கீழே பல வட்டங்களுக்குப் பொறுப்பான பகுதிச் செயலாளர். கடைசி வரியில் ‘இவண்’ போட்டு, ஒரு வார்டுக்குப் பொறுப்பான வட்டச் செயலாளர் பெயரும், தபால்தலை அளவில் அவர் படமும். ஆனால் பில்லுக்குப் பணம் கொடுப்பது பெரும்பாலும் அந்தத் தபால்தலைப் படத்துக்காரர்தான்.

அம்மாபேட்டைப் பக்கம் ஒரு வட்டச் செயலாளர், தறி ஓட்டுகிறவர். தலைவர் சேலம் வருகிறார் என்றால் வட்டத்துக்கு இத்தனை வேன், இத்தனை பேர், இத்தனை கொடி என்று மேலிருந்து உத்தரவு வரும். பணம் வராது. போஸ்டர் கணக்கைச் சனிக்கிழமை கூலி வாங்கியதும் ஐந்நூறு, ஆயிரமாகக் கொண்டுவந்து அடைப்பார். “மாவட்டத்துல கேட்டு வாங்கக் கூடாதாண்ணே?” என்று ஒருமுறை கேட்டேன். “கேட்டா அடுத்த தடவை வேற ஆளைப் போட்டுருவாங்க தம்பி” என்றார். ரசீதில் தன் பெயரை எழுதவிடமாட்டார், வட்டத்தின் பெயரில்தான் எழுத வேண்டும். கட்சி மேல் அவ்வளவு பிடிப்பு.

அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. காகிதத்தில் கிளை, வட்டம், ஒன்றியம், மாவட்டம், செயற்குழு, பொதுக்குழு என்று கீழிருந்து மேலே போகும் அமைப்பு. நடைமுறையில் மாவட்டச் செயலாளர்தான் அச்சாணி. 2022 ஜூலையில் அதிமுக பொதுக்குழு போட்ட விதியைப் பாருங்கள்: பொதுச் செயலாளர் பதவிக்குப் போட்டியிட 10 மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், 10 பேர் வழிமொழிய வேண்டும். அடிப்படை உறுப்பினர் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பதவிதான் அது. இருந்தும் மாவட்டங்களைக் கையில் வைத்திருக்காதவர் மனுவே போட முடியாது. 2023 மார்ச்சில் எடப்பாடி பழனிசாமி போட்டியின்றித் தேர்வானார். அதற்கு முந்தைய அக்டோபரில் திமுக தலைவராக ஸ்டாலின் தேர்வானதும் போட்டியின்றித்தான். இதே சேலம் திமுகவில் வீரபாண்டி ஆறுமுகம் என்ற ஒரு பெயருக்குக் கீழே மொத்த மாவட்டமும் இருந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். இன்று கட்சிக்கு மத்தி, கிழக்கு, மேற்கு என்று மூன்று மாவட்டங்கள்.

பணம் எங்கே இருக்கிறது? 20,000 ரூபாய்க்கு மேல் நன்கொடை கொடுத்தவர் பெயரைக் கட்சி தேர்தல் ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் வருமான வரி விலக்குக்கே ஆபத்து. கொடுத்தவர் பெயர் வெளியே தெரியாமல் வங்கி வழியாகக் கட்சிக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தில் திமுகவுக்கு வந்தது 656.5 கோடி, அதில் லாட்டரி நிறுவனமான ஃபியூச்சர் கேமிங் ஒன்றே கொடுத்தது 509 கோடி. அதிமுகவுக்கு 6.05 கோடி. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தையே ரத்து செய்தது. சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சத்துக்கு மேல் செலவு செய்யக் கூடாது, கட்சியின் செலவுக்கு உச்சவரம்பே கிடையாது. இத்தனை கணக்கிலும் தறிக்காரரின் சனிக்கிழமைப் பணத்துக்கு ஒரு வரிகூட இல்லை. எனக்கு வயிற்றெரிச்சல் இதில்தான்.

1944 ஆகஸ்ட்டில் இதே சேலத்தில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனது. ராவ்பகதூர் மாதிரிப் பட்டங்களைத் துறக்க வேண்டும் என்று அண்ணா தீர்மானம் கொண்டுவந்தார். ஜமீன்தார்கள் நடத்திய கட்சி சாமானியன் கைக்கு வந்தது இந்த ஊரில். அதிலிருந்து பிரிந்து வந்த திமுக 1967 தேர்தலுக்கு 10 லட்சம் ரூபாய் இலக்கு வைத்தது, கருணாநிதி 11 லட்சம் திரட்டிக் கொடுத்தார். ஊர் ஊராகப் போய் வசூலித்த பணம். கொடுத்தவனுக்குக் கட்சியைக் கேள்வி கேட்க ஓர் உரிமை இருந்தது. இப்போது கீழே இருப்பவனும் கொடுக்கத்தான் செய்கிறான், ஆனால் கொடுத்ததற்கு எங்கும் பதிவில்லை.

ஏற்காட்டிலிருந்து, எஸ்டேட் கணக்கர்:

தொகுதியின் பெயர் ஏற்காடு, பழங்குடியினருக்கான தனித்தொகுதி. ஆனால் ஓட்டில் பெரும்பங்கு கீழே வாழப்பாடிப் பக்கம். அதனால் மலைக் கிளைகளைத் தேடி யாரும் அதிகம் வருவதில்லை. நாகலூர்ப் பக்கம் ஓர் அக்கா கட்சியின் வாக்குச்சாவடி முகவர். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது காபிப் பழம் பறிக்கும் வேலையும் நெருங்கிக்கொண்டிருந்தது. கூலியை விட்டுவிட்டு வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பினார். எதிர்க்கட்சி வீடு என்று ஒன்றையும் தாண்டிப் போகவில்லை. கட்சி கொடுத்தது ஓர் அடையாள அட்டையும் வாட்ஸப் குழுவும். ஜெராக்ஸ் காசுகூட அவருடையது. இப்படிப்பட்டவரை ஒன்றியச் செயலாளராகப் போட்டால் என்ன? மலையில் ஒரு பெண்ணை அந்தப் பதவிக்கு யாரும் யோசிப்பதாகவே தெரியவில்லை.

சிவதாபுரம், வெள்ளிக் கொலுசுப் பட்டறை:

தேர்தல் நேரத்தில் எங்கள் தெருவுக்கு எல்லாக் கட்சியும் நன்கொடைக்கு வரும். போன முறை “செக் தருகிறேன், கட்சிப் பெயரில் ரசீது கொடுங்கள்” என்றேன். வந்தவர்கள் முகம் மாறியது, ரொக்கம்தான் வேண்டும் என்றார்கள். கூட வந்த கிளைச் செயலாளர் மட்டும் மறுநாள் தனியாக வந்து, “எங்ககிட்ட ரசீது புக்கே கிடையாதுங்க, மாவட்டத்துலதான் இருக்கு” என்று சொல்லிப் போனார். அவரிடம் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை.

செவ்வாய்ப்பேட்டை அச்சகத்துக்காரர்:

ரசீது புத்தகத்தை நாங்கள் அடித்துக் கொடுத்திருக்கிறோம், எண் போட்டு, அடிக்கட்டையோடு. சமீப காலத்தில் அந்த ஆர்டர் வருவதே குறைந்துவிட்டது. கிளையில் யாராவது ரசீது கொடுத்து உங்களிடம் பணம் வாங்கியிருந்தால் எழுதுங்கள். கட்சிப் பெயர் வேண்டாம். எந்த ஆண்டு, எந்த ஊர், வாங்கியது கிளையா மாவட்டமா என்பது மட்டும் போதும்.