உதவி: தாத்தாவின் தாத்தா அக்கரைச் சீமைக்குப் போனார், எங்கே தேடுவது?

தென்றல்87: வணக்கம். என் தாத்தாவின் தாத்தா கப்பலேறிப் போனவர். எப்போது போனார், திரும்பி வந்தாரா என்று தெரிய வேண்டும். வீட்டில் ஒரு பழைய பாகப் பத்திரம் இருக்கிறது. "அக்கரை போய்விட்டபடியால்" அவர் பங்கைத் தம்பியே அனுபவித்து வருவதாக அதில் எழுதியிருக்கிறார்கள். பெயரைப் போட்டுத் தேடினால் நூற்றுக்கணக்கில் வருகிறது. ஞாயிறு ஊருக்குப் போகிறேன், அதற்குள் யாராவது சொல்லுங்கள்.

அல்லி: பெயர்? ஊர்? பத்திரத்தின் தேதி?

தோட்டத்துப்பிள்ளை: அக்கரை என்றால் கண்டிதான் தம்பி. கங்காணி கூட்டிக்கொண்டு போயிருப்பார். மலையகத்தில் தோட்டம் தோட்டமாக விசாரித்தால்தான் உண்டு.

ஆவணப்பித்தன்: பத்திரத்தைப் படிக்கத் தெரியாமல் கப்பலைத் தேடக் கிளம்புகிறவர்களுக்கு நான் எத்தனை முறைதான் சொல்வது? முதலில் எழும்பூர் ஆவணக் காப்பகம் போய் உங்கள் கிராமத்து நிலப் பதிவேட்டைப் பாருங்கள். பிறகு கேள்வி கேட்கலாம்.

அல்லி: ஊர்ப் பெயரே சொல்லாதவரை எழும்பூருக்கு அனுப்பி என்ன பயன் சார்?

தென்றல்87: பெயர் முனுசாமி. வட ஆற்காடு ஜில்லா. பத்திரத்தில் விக்ருதி வருஷம் ஆவணி மாதம் என்றுதான் இருக்கிறது, ஆங்கில வருஷம் இல்லை. தாது வருஷப் பஞ்சத்துக்கு அப்புறம் போனார் என்று பாட்டி சொல்வார். பெட்டியில் ஆங்கிலத்தில் இன்னொரு துண்டுக் காகிதமும் இருக்கிறது. மடிப்பில் கிழிந்துவிட்டது. "நேட்டால்" என்ற சொல்லும் ஐந்து இலக்க எண்ணும் மட்டும் தெரிகின்றன.

கடலோரம்: அந்தக் காகிதம்தான் முக்கியம், பத்திரமாக வையுங்கள். மடிப்பில் ஒட்டுநாடா ஒட்டிவிடாதீர்கள்.

நேட்டால் என்பது தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம். 1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து "ட்ரூரோ" என்ற முதல் கப்பல் அங்கே சேர்ந்தது. 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். உங்கள் காகிதத்தில் இருப்பது அந்த எண்ணாக இருந்தால் வேலை பாதி முடிந்தது. கப்பல் பட்டியலில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், உடல் அடையாளம், ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் வரிசையாக இருக்கும். டர்பனில் காந்தி-லுதூலி ஆவண மையம் இந்தப் பட்டியல்களை இணையத்தில் போட்டிருக்கிறது.

முனுசாமி என்று தேடாதீர்கள். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், ஒரே பெயர் பத்து விதமாக வரும். எண்ணைப் போட்டுத் தேடுங்கள், தகப்பன் பெயரை உங்கள் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள்.

விக்ருதி என்றால் 1890-91. அறுபது வருஷச் சுற்றில் அதற்கு முந்தையது 1830-31, அப்போது நேட்டாலுக்குக் கப்பலே கிடையாது. தாது 1876-77. ஆக, அதற்கும் 1890-க்கும் நடுவில் போயிருக்கிறார்.

தோட்டத்துப்பிள்ளை: நேட்டால் காகிதம் வேறு யாருடையதாகவாவது இருக்கலாம். கண்டியை விட்டுவிடாதீர்கள்.

ஆவணப்பித்தன்: வட ஆற்காடு என்றதும் வேலூரில் தேடப் போவார். அன்று அந்த ஜில்லாவுக்குத் தலைமையிடம் சித்தூர். சித்தூர் தனி ஜில்லா ஆனது 1911-ல்தான். கிராமம் இன்று ஆந்திராவில்கூட இருக்கலாம். இதெல்லாம் அடிப்படை.

மல்லிகைப்பந்தல்: சாதிப் பத்தியைப் பாருங்கள். எங்கள் வீட்டு ஆளை அதை வைத்துத்தான் உறுதி செய்தோம்.

அல்லி: அதை நம்பவே கூடாது. கப்பலேற வேண்டும் என்று வாயில் வந்ததைச் சொன்னவர்கள் உண்டு. எழுதியவருக்கும் தெரியாது.

மல்லிகைப்பந்தல்: எல்லாரும் பொய் சொன்னார்களா? தகப்பன் பெயரும் கிராமமும் சரி, சாதி மட்டும் பொய்யா?

அல்லி: பொய் என்று நான் சொல்லவில்லை. வெள்ளைக்காரன் போட்ட கட்டத்துக்குள் அவர்களை அடைத்தார்கள். இன்றைக்கும் அதையே சான்றாகத் தூக்கிப் பிடிக்க வேண்டுமா?

ஆவணப்பித்தன்: இழையின் தலைப்பு வேறு.

கடலோரம்: இருவரும் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். @தென்றல்87, இன்னொன்று. ஐந்து வருஷ ஒப்பந்தம் முடிந்தும் பலர் அங்கேயே தங்கினார்கள். பத்து வருஷம் இருந்தால் ஊர் திரும்ப இலவசப் பயணம். ஆனால் காகிதம் உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது? யார் கொண்டுவந்தார்கள் என்று ஊரில் பெரியவர்களிடம் கேளுங்கள்.

தென்றல்87: எண் சரியாக இருந்தது அண்ணா. தகப்பன் பெயரும் கிராமமும் பத்திரத்தோடு ஒத்துப்போகின்றன, தாலுகா போளூர். வயது 22, இடது புருவத்தில் தழும்பு என்று இருக்கிறது. ஊருக்குக் கிளம்பிவிட்டேன். எல்லாருக்கும் நன்றி.

கடலோரம்: அருமை. கப்பல் பெயரும் சேர்ந்த தேதியும் போடுங்கள். கூட யாராவது வந்தார்களா என்று முன்பின் எண்களையும் பாருங்கள், ஒரே ஊர்க்காரர்கள் பெரும்பாலும் அடுத்தடுத்து இருப்பார்கள்.

மல்லிகைப்பந்தல்: சாதிப் பத்தியில் என்ன இருந்தது?