அப்பா போட்டோவ ஏஐல சரி பண்ணாங்க, அம்மா இது அவரே இல்லங்கிறாங்க

கேள்வி:
அப்பா தவறி ரெண்டு மாசம் ஆகுது. தனியா எடுத்த படம் ஒண்ணுகூட இல்ல, என் கல்யாண குரூப் போட்டோல பின்வரிசைல சிரிச்சுக்கிட்டு நிக்கிறார், அதுவும் மங்கல். ஸ்டுடியோல குடுத்தோம், ஏஐல போட்டு பெருசாக்கி பிரேம் பண்ணிக் குடுத்துட்டாங்க. ரொம்ப அழகா இருக்கார், அதான் பிரச்சனையே. புருவத்துல மாடு முட்டுன தழும்பு இருக்கும், அது காணோம். ஒரு கண்ணு லேசா சின்னது, இப்ப ரெண்டும் ஒரே அளவு. வெத்தலைக்கறைப் பல்லு வெள்ளையாயிடுச்சு. மாலை போட வந்த அம்மா மாலைய கைல வச்சுக்கிட்டே "யாருடி இது"ன்னு கேட்டாங்க. பழைய முகம் திரும்ப வருமா?

பதில் 1:
நான் பிலிம் காலத்து ஸ்டுடியோ ஆளும்மா. டச்சப் அப்பவும் உண்டு, நெகட்டிவ்ல சுருக்கம் இருக்குற எடம் வெளிச்சம் ஊடுருவுற மாதிரி இருக்கும், அத கூரா சீவின பென்சில்ல அடைச்சா பிரிண்ட்ல வெளுத்துடும். ஆனா எங்க முதலாளி பருவ எடுக்கச் சொல்லுவார், மச்சத்தையும் தழும்பையும் வீட்டுக்காரங்கள கேக்காம தொட விடமாட்டார். பரு போயிடும், தழும்பு அந்த ஆளோடது.

பதில் 2:
ஏஐ உங்க அப்பா முகத்த தெளிவாக்கலக்கா, புதுசா வரைஞ்சிருக்கு. ஜிஎஃப்பிகான், கோட்ஃபார்மர்னு முகத்த சரி பண்ற ஏஐ எல்லாம் ஃப்ளிக்கர்ங்கிற போட்டோ சைட்ல இருந்து எடுத்த 70,000 முகப் படத்த வச்சுப் பழக்கினது, மங்கலான எடத்துல அந்தக் கூட்டத்துக்குப் பொதுவா எப்படி இருக்குமோ அப்படி நிரப்பும், புருவத்துல தழும்பு எத்தன பேருக்கு இருக்கும், அதான் அழிச்சிடுச்சு. கோட்ஃபார்மர்ல 0ல இருந்து 1 வரைக்கும் ஒரு அளவு உண்டு, 0 பக்கம் போனா பளபளப்பு, 1 பக்கம் போனா ஒரிஜினலுக்கு நெருக்கம். 1ல வச்சுக் கேளுங்க, கொஞ்சம் மங்கலாதான் வரும், வரட்டும். அப்புறம் போட்டோஷாப்ல ஒரிஜினல மேல லேயரா வச்சு கண்ணு, புருவம், வாய் மட்டும் தெரியிற மாதிரி மீதிய மாஸ்க் பண்ணி மறைச்சுக்கலாம். முக்கியமா வாட்ஸ்அப்ல வந்த படத்த குடுக்காதீங்க, பிரிண்டயே 600 டிபிஐல ஸ்கேன் பண்ணுங்க.

பதில் 3:
பேங்க் பாஸ்புக், ரேஷன் கார்டு, பழைய வோட்டர் ஐடி எல்லாத்தையும் தேடுங்க. எங்க தாத்தா முகம் பாஸ்புக்ல ஒட்டுன ஸ்டாம்ப் சைஸ் படத்துலதான் கெடச்சுது, பாதி மேல சீல் குத்தியிருந்துச்சு, சீலோடதான் பிரேம் போட்டிருக்கோம்.

கேள்வி கேட்டவர்:
ஸ்கேன் பண்ணி 1ல வச்சே வாங்கிட்டேன், ரொம்ப நன்றி. தழும்பு கோடு மாதிரி தெரியுது, கண்ணும் அவர் கண்ணுதான். பல்லுக்கறை மட்டும் வேணாம்னு தங்கச்சி சொல்றா, அம்மா இருக்கட்டும்ங்கிறாங்க. இன்னும் பிரிண்ட் போடல.